கிளாத்திக்கு ஓர் ஆள்

மூன்றாவது முறையாகக் கடிபட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு இன்பராஜ் கண்ணாடித் தொட்டியைப் பார்த்தார். உள்ளிருந்து கிளாத்தி மீன் அவரைப் பார்த்தது. இருவருக்கும் நடுவே கண்ணாடியில் பச்சையாகப் பாசி படிந்திருந்தது. அதைத் துடைப்பதுதான் இப்போது அவருடைய உத்தியோகம்.

ஆம்பூர் டேனரியில் இருபத்திரண்டு வருஷம் பச்சைத்தோல் கிடங்கைக் கட்டி மேய்த்த மனிதர். போன மாதம் திடீரென்று முதலாளியின் அறைக்கு மாற்றினார்கள்.

"புரமோஷன்ண்ணே," என்றார் மேனேஜர் பரணிதரன். "ஏசி ரூமு. ஒரே ஒரு கடல் மீனு. முதலாளிக்கு அதுதான் உசுரு."

மனைவி தேவகி இந்தச் சங்கதியைத் தண்ணீர் லாரி வரிசையில் சொன்ன அழகில், இன்பராஜ் முதலாளிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாகத் தெரு முழுக்க நம்பியது. மனிதர் தரையில் குத்தவைத்துக் கண்ணாடி தேய்த்துக்கொண்டிருந்தார்.

வெளிநாட்டு ஆர்டர் பாதியாகிவிட்ட காலம். இருந்தாலும் முதலாளி மேடை போட்டு மைக்கில் சத்தியமே செய்திருந்தார். ஒருத்தரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். தானாகப் போகிறவர்களைத் தடுக்கவும் மாட்டோம். எல்லோரும் கைதட்டினார்கள். இன்பராஜ் கொஞ்சம் அதிகமாகவே தட்டினார். ஐம்பத்தொரு வயதில் இந்த வேலையை விட்டால் வேறு எந்தக் கம்பெனி கேட்டிலும் உள்ளே விடமாட்டார்கள். மகள் நிஷா நர்சிங் இரண்டாம் வருஷம்.

அவருக்கு முன்னால் மீனைப் பார்த்துக்கொண்ட கோவிந்தசாமி, முழங்கால் வலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுவிட்டார். முழங்கால் வலிக்காரருக்கு விரலில் எதற்குக் கட்டு என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

கிளாத்திக்குச் சாப்பாட்டில் ஒழுங்கு என்பதே கிடையாது. இறாலைக் கவ்வும், குதறும், பாதியைத் துப்பும். துப்பியது அழுகும். அழுகிய இடத்தில் பாசி பிடிக்கும். எடுக்கலாமென்று கையை விட்டால் கையும் இறால்தான். தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்கிறவர்களின் ரப்பர் கையுறையை வாங்கி மாட்டிப் பார்த்தார். அதிலும் ஒரு வாய் தின்றுவிட்டுத் துப்பியது.

"நத்தை விடுங்கண்ணே. பாசிய அதுங்க தின்னும்," என்றார் பரணிதரன்.

கம்பெனி டிரைவர் பத்து நத்தை வாங்கி வந்தார். இன்பராஜ் ஒவ்வொன்றாக இறக்கிவிட்டார். கிளாத்தி அவற்றை வறுத்த கடலை மாதிரி கடித்து ஓட்டைத் துப்பியது. சுத்தம் செய்ய வந்த பத்தும் மதியத்துக்குள் குப்பையோடு சேர்ந்தன.

"தண்ணியவே மாத்திடுங்க. வெள்ளிக்கிழமை முதலாளி ஜெர்மனிலேர்ந்து வர்றாரு. தொட்டி பளபளன்னு இருக்கணும்," என்றார் பரணிதரன்.

மாற்றலாம். ஆனால் கடல் மீனுக்கென்று வருகிற உப்பு டப்பாவில் ஒரு கரண்டிதான் மிச்சம். புதுசு அடுத்த வாரம்தானாம். இன்பராஜ் தன் பழைய கிடங்குக்கு ஓடினார். அங்கே தோஸ்த் முக்தார் அகமது ஆட்டுத்தோலுக்கு உப்பு தடவிக்கொண்டிருந்தார்.

"உப்புக்கா பேஜார்? இன்னா இன்பு, மலை மாதிரி கெடக்குது பாரு."

"மீனுக்கு ஆவுமா பாய்?"

"இருவத்திரண்டு வருஷத்துல இந்த உப்புல ஒரு தோலாச்சும் கெட்டிருக்கா?"

"இல்ல."

"அப்புறம் இன்னா?"

இன்பராஜ் ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

தண்ணீர் சாம்பல் நிறமானது. மேலே ஆட்டு முடி மிதந்தது. ஏசி ரூமில் பச்சைத்தோல் வாடை. ஆனால் கிளாத்தி அடங்கிவிட்டது. முடியை அள்ளக் கை விட்டபோது கடிக்கவில்லை. விரலருகே வந்து அமைதியாக நின்றது. இன்பராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே முக்தாருக்குப் போன் போட்டார்.

"பாய், பழகிடுச்சு! கையாண்ட வந்து நிக்குது!"

மூன்று மணிக்கு அது மல்லாந்து மிதந்தது.

முக்தார் ஓடிவந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "செத்த தோலுக்குத்தானே இன்பு அது நல்ல உப்பு. உசுரோட இருக்கறத அதுல எப்ப போட்டோம் நாம?"

பரணிதரன் கத்தவில்லை. நாற்காலி இழுத்துப் போட்டார். டீ வரவழைத்தார்.

"உங்களைப் போன்னு நான் சொல்ல மாட்டேண்ணே. முதலாளி வந்து நாலு பேர் முன்னாடி அசிங்கமாப் பேசுவாரு. அது எனக்குத் தாங்காது. கௌரவமா, உடம்பு முடியலன்னு நீங்களே ஒரு வரி எழுதிட்டீங்கன்னா..."

பேப்பரும் பேனாவும் மேஜை மேல் தயாராக இருந்தன. மூடிகூடக் கழற்றியிருந்தது.

"எனக்கு உடம்பு நல்லாத்தானே சார் இருக்குது. எங்க வலின்னு எழுதறது?"

"முழங்கால்னு போடுங்க."

போட்டார். கட்டுப் போட்ட விரலாலேயே கீழே கையெழுத்தும் போட்டார். பரணிதரன் அதை மடித்து ஃபைலில் வைத்துவிட்டுக் கேட்டார். "ஆமா, நம்ம முக்தார் பாய்க்கு மீனுன்னா புடிக்குமா?"

"நல்லா சாப்பிடுவாரு சார்."

வேலை போனது போகட்டும், இன்னொருத்தர் உசுரைக் கொன்றுவிட்டுப் போனவன் என்ற பேச்சு வேண்டாம் என்று இன்பராஜ் நினைத்தார். செத்த கிளாத்தியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, டிரைவரிடம் விசாரித்து, அதை வாங்கிய கடையைத் தேடி வேலூர் பஸ் ஏறினார். வழியெல்லாம் பைக்குள் கை விட்டு அதன் தோலைத் தடவிக்கொண்டே வந்தார். கெட்டியான தோல், ஒரு கீறல் இல்லை. இருபத்திரண்டு வருஷப் பழக்கம் கையை விட்டுப் போகுமா? தேவகியிடம் எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

வேலூர் சத்துவாச்சாரியில், அந்த மீன் கடையில் கடைக்காரப் பையன் ஜோசுவா தொட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தான்.

"தம்பி, இதே மாதிரி ஒண்ணு வேணும். ஆம்பூர் டேனரி முதலாளியோட மீனு. அவரு வர்றதுக்குள்ள தொட்டில விட்டுட்டுப் போய்டறேன். அவருக்குத் தெரியவே கூடாது."

ஜோசுவா பையைப் பார்த்தான். கட்டுப் போட்ட விரலைப் பார்த்தான். வலையை எடுத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னான்.

"காசெல்லாம் வேணாண்ணா, எடுத்துட்டுப் போங்க, ஆளுக்கு ஒரு கிளாத்தி, நல்லா கடிக்கறதாப் பாத்துக் குடுன்னு பன்னெண்டு மீனுக்கு முன்னாடியே காசு கட்டி வெச்சிருக்காரு உங்க பரணிதரன் சார், நீங்க நாலாவது ஆளு."