மனேஜரிடம் நடந்து காட்டிய ‘கொறைங்க’ காக்கா

கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், சொன்ன விலைக்கு ஒரு தீப்பெட்டிகூட வாங்காத மனுசன் எங்கள் ‘கொறைங்க’ காக்கா ஒருவர்தான். அண்ணனை எங்கள் ஊரில் காக்கா என்போம்; வாப்பாவும் உம்மாவும் அவருக்கு வைத்த பெயர் எங்களுக்கே மறந்துபோயிற்று. எதற்கும் அவர் வாயில் முதலில் வருவது “கொறைங்க”. நாய் கடித்து ஆஸ்பத்திரிக்குப் போன இடத்திலும், “மூணு ஊசி கூட டொக்டர், ரெண்டாக் கொறைங்க” என்று நின்றவர்.

அவருடைய ஆயுதம் நடை. சாய்ந்தமருதுக் கடற்கரையில் பாரை மீனுக்கு ஒரு விலையைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பார். “காக்கா, வாங்க, கொண்டு போங்க!” என்று பின்னால் சத்தம் கேட்கும். கேட்காத நாளை நான் கண்டதில்லை.

வேலையோ கம்ப்யூட்டர் வேலை. ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் காக்காவும் நாங்கள் மூன்று பேரும் ஓர் அமெரிக்கக் கம்பனிக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். அங்குள்ளவன் சம்பளம் மீன் என்றால் எங்களுடையது செதிள். ஊரில் அதுவே பெரிய சம்பளம்.

ஒரு நாள் வீடியோவில் வந்த மனேஜர், இதே வேலையை இன்னும் மலிவாகச் செய்ய வேறு நாட்டில் ஆள் இருக்கிறது, உங்கள் சம்பளத்தைக் குறைக்கப்போகிறோம் என்றான். எனக்கு அப்போதுதான் பிள்ளை பிறந்திருந்தது.

“பயப்பிடாதீங்கடா, இவனும் மீன்காரன்தான்” என்று எங்கள் பக்கம் முணுமுணுத்த காக்கா, ஒரு சதமும் குறையாது என்று இங்கிலீஷில் அறிவித்துவிட்டுப் பட்டென்று அழைப்பைத் துண்டித்தார்.

“யா அல்லாஹ்! என்ன காக்கா செஞ்சிட்டீங்க?”

“நடந்திட்டன். இப்ப கூப்பிடுவான் பாரு.”

கூப்பிடவில்லை. கடைசியில் ஒரு செய்தி வந்தது: ‘உங்கள் பக்கம் மின்சாரம் போய்விட்டது போல. நீங்கள் சொன்னது கேட்கவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம்.’

சம்பளம் குறைந்தது. எங்கள் முகத்தைப் பார்க்கவே காக்கா கூசினார். “நம்மட மீன்காரனுக்கு இரிக்கிற மரியாதை இவனுக்கு இல்லடா” என்று மட்டும் சொன்னார்.

கொஞ்ச காலத்தில் அங்கே முக்கியமான ஒருவன் வேலையை விட்டுவிட, அதே மனேஜர் காக்காவை அமெரிக்காவுக்கே வரச்சொல்லி, வேலை விசா எடுத்துத் தருவதாகச் சொன்னான். இந்த முறை காக்கா நடக்கவில்லை. உட்கார்ந்திருந்த கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “இவனுகள் மூணு பேர்ட சம்பளத்தையும் பழையபடி ஆக்கினாத்தான் வருவன்” என்பதை இங்கிலீஷில் போட்டு உடைத்தார். அவன் ஒப்புக்கொண்டான். தனக்கு எவ்வளவு என்று கேட்கவே காக்கா மறந்துவிட்டார் என்று நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

போன பிறகுதான் தெரிந்தது, அதே வேலைக்குப் பக்கத்து மேசைக்காரன் இவரைப்போல இரண்டு மடங்கு வாங்குகிறான். அவனும் சந்தோஷமாக இல்லை. உன்னைப் போல மலிவான ஆள் வந்துதான் என் சம்பளம் ஏறாமல் கிடக்கிறது என்று முறைக்கிறானாம்.

“இஞ்ச வந்தும் நான்தான்டா மலிவு” என்று போனில் சிரித்தார்.

“கூட்டிக் கேளுங்களன் காக்கா! உங்களுக்கா சொல்லித் தரணும்?”

“விசர்க் கதை கதைக்காதடா. விசா மனேஜர்ட கையில. நான் வாயத் தொறந்து, அவன் என்னத் திருப்பி அனுப்பினா, பொறகு உங்கட சம்பளத்திலயும் கை வைப்பான். அது கிடக்கட்டும், புள்ளைக்குப் பால்மா வாங்கினியா?”

“ஓம் காக்கா” என்றேன். விலை பேசாமல் ஒரு நாள்கூட இருக்க இயலாத மனுசன், எங்களுக்காக அங்கே வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்.