முந்தானை வைத்த வாலிபால் நெட்

நாடா அண்ணன் ஒரு இடத்தில் நின்று பார்த்தவர்கள் நகரியில் யாரும் கிடையாது. உட்கார்ந்து சாப்பிட்டதும் இல்லை, நின்று சாப்பிட்டதும் இல்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தபடியே சாப்பிடுவார். தறியில் நூலை இழுத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறதே நாடா, அந்தப் பெயரை அவருக்கு யார் வைத்தார்களோ தெரியாது. வைத்தவருக்குக் கண் நன்றாக இருந்திருக்கிறது. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் தீற்றல்தான் இருக்கும். அவர் மனைவி மல்லிகா அக்கா வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதை எடுத்துக் காட்டுவார்.

"பாத்துக்கோ நைனா, நான் கட்டிக்கினது இதத்தான்."

தொழில் பவர்லூம் மெக்கானிக். பைத்தியம் வாலிபால். ஆனால் அவர் ஆடி யாரும் பார்த்ததில்லை. பந்து அவரிடம் வருவதற்குள் அவர் வேறு இடத்துக்குப் போயிருப்பார். அதனால் தறி ஓட்டும் பையன்களைச் சேர்த்து ஒரு டீம் வைத்து, அவர்களுக்கு வேண்டியதையெல்லாம் தன் கையாலேயே செய்துகொண்டிருந்தார். கையில் காசு இல்லை என்பது உண்மைதான். இருந்திருந்தாலும் கடையில் வாங்கியிருக்க மாட்டார் என்பதும் உண்மை.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனர், சூளூர்பேட்டையில் மீன் பெட்டிக்கு ஐஸ் உடைப்பது, திருப்பதியில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவுவது என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தேன். எந்த ஊரிலும் சட்டை கிழிகிற வரைக்கும் தங்கியதில்லை. ஆறேழு வருஷத்துக்கு முன்னால் நகரி ஸ்டேஷனில் இறங்கினேன். ரயிலில் டிக்கெட் கேட்டார்கள், அதனால் இறங்கினேன். குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு எந்தப் பக்கம் நடப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். திரும்பி வந்தார். மறுபடியும் தாண்டிப் போனார்.

"இன்னாடா இவ்ளோ ஒசரமா கீற? கையத் தூக்கு."

தூக்கினேன். பசியில் இருப்பவன் எதைச் சொன்னாலும் செய்வான். அவர் இடுப்பிலிருந்து துணி அளக்கும் டேப்பை எடுத்து, என் பாதத்திலிருந்து விரல் நுனி வரை அளந்தார்.

"சரியா கீது. வா, பத்து நிமிஷம் வேல."

வேலை என்னவென்றால், கம்பம். ஒரு தறி ஷெட்டுக்குப் பின்னால் மைதானம். நெட் கட்ட ஒரு பக்கம் கம்பம் இருந்தது, மறுபக்கம் இல்லை. நெட்டின் கயிற்றை அந்தப் பக்கத்து வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள். மரத்துக்கும் நெட்டுக்கும் நடுவில் அதை உயர்த்திப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். என் வாழ்க்கையில் அளவெடுத்துக் கொடுத்த ஒரே வேலை அதுதான். பத்து நிமிஷம் என்றவர் இருட்டுகிற வரை நிற்க வைத்தார். பிறகு வீட்டுக்குக் கூட்டிப்போனார். மல்லிகா அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யார்யா இது?"

"நம்ம கம்பம்."

"கம்பம் துன்னுமா?"

"துன்னும்."

தின்றது. அக்கா அரிசியை மறுபடி உலையில் போடவேண்டி வந்தது.

அடுத்த வாரமே அண்ணன் எனக்குப் பதிலாக ஒரு நிஜக் கம்பம் செய்துவிட்டார். பழைய தறியின் மர உருளையை ஒரு பெயின்ட் டிரம்மில் நிறுத்தி சிமென்ட் ஊற்றியது. வேலை போய்விட்டது, கிளம்பிவிடலாம் என்று சட்டையை மாட்டினேன். "எங்க போற? டீம்ல அஞ்சி பேருதான் கீறாங்க" என்றார். இப்படித்தான் நான் வாலிபால் ஆட்டக்காரன் ஆனேன். பகலில் அவர் வேலை பார்த்த ஷெட்டிலேயே எனக்கு வேலையும் வாங்கிக் கொடுத்தார்.

அவர் செய்த பந்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆட்டோ சீட் ரெக்ஸினில் தைத்து, உள்ளே சைக்கிள் டியூப் வைத்தது. அது எந்தப் பக்கம் போகும் என்று அதற்கே தெரியாது. நேராக அடித்தால் ஷெட் கூரைக்குப் போகும், கூரையைப் பார்த்து அடித்தால் நேராக வரும். அதில் பழகிய எங்களுக்குக் கடைப்பந்து பசுமாடு மாதிரி இருந்தது. முட்டிக்குக் கட்டும் பட்டையை சேலைக் கழிவில் பஞ்சு திணித்துத் தைத்தார். அதைக் கட்டிக்கொண்டு ஓடினால் பூப்போட்ட முட்டிகளாகத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலே நெட். பாவு நூலை முறுக்கி, முடிச்சு முடிச்சாகப் போட்டு, ஒரு மாதம் நடந்துகொண்டே பின்னினார். பிரித்துக் காட்டிய அன்று நாங்கள் கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தோம். மேல் ஓரத்தில் அரக்குக் கலரில் மாங்காய் வைத்த ஜரிகை பார்டர். ஒரு முனையில் முழுசாக ஒரு முந்தானை, குஞ்சத்தோடு.

"இன்னாணா இது?"

"இன்னாவா? பார்டர் இல்லாம, முந்தி இல்லாம ஒரு உருப்படிய தறியிலேர்ந்து எப்பிட்ரா அறுத்து எறக்குவேன்? கை கேக்கலடா."

தெருப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, அதே பார்டரில் சேலை கேட்டார்கள்.

அந்த வருஷம் ஷெட் ஓனர் மைதானத்தில் இன்னொரு ஷெட் கட்டப்போவதாகச் சொன்னார். அண்ணன் அவர் பின்னாலேயே நடந்தார். காலையில் நடந்தார், மாலையில் நடந்தார். கடைசியில் ஓனருக்குத் தலை சுற்றிவிட்டது.

"உன் டீம் திருப்பதி போட்டிக்குப் போவட்டும், மைதானத்த உட்டுடறேன். போவலன்னா ஷெட்டுதான்."

திருப்பதிக்குப் போக ஒரு மேட்ச் ஜெயிக்க வேண்டும். காளஹஸ்தி டீம் எங்கள் மைதானத்துக்கு வந்து ஆடும். தோற்றால் திருப்பதியும் இல்லை, மைதானமும் இல்லை.

அவர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். நெட்டைப் பார்த்தார்கள். "சீர பாகுந்தி! பொட்டு எக்கட?" என்றான் ஒருவன். சேலை நன்றாக இருக்கிறதாம், பொட்டு எங்கே என்று கேட்கிறான். ரெஃப்ரியாக வந்த பி.டி. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஏமய்யா, மேல் பட்டி வெள்ளையா இருக்கணும். இது வெயில்ல மின்னுது. ஆட முடியாது."

அண்ணன் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. இடுப்பு வேட்டியை அவிழ்த்து, பல்லால் கடித்து, நீளநீளமாகக் கிழித்து பார்டர் மேல் சுற்றத் தொடங்கினார்.

"யோவ், அது நேத்து தோச்சதுய்யா!" என்று அக்கா கத்தினார்.

கோடு போட்ட டிராயரோடு அவர் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓட, மேட்ச் ஆரம்பித்தது. ஆளுக்கு இரண்டு செட் எடுத்தோம். கடைசி செட்டில் எங்களுக்கு ஒரே ஒரு பாயிண்ட் பாக்கி, அவர்களுக்கு இரண்டு. அப்போது அவர்களில் ஒருவன் பந்தைத் துரத்தி வந்து எங்கள் மரக் கம்பத்தில் மோதினான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பம் மடமடவென்று முறிந்து விழுந்தது. டிரம்மும் சிமென்டும் மட்டும் நின்றன.

ரெஃப்ரி வாட்சைப் பார்த்தார். "கம்பம் இல்லாம மேட்ச் இல்ல. மேட்ச அவங்களுக்குத்தான் குடுக்கணும்."

"கம்பம் கீது சார்" என்றார் நாடா அண்ணன். டிரம் மேல் ஏறி, கயிற்றைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். அவர் குள்ளம். டிரம்மோடு சேர்த்தால் உயரம் சரியாக இருந்தது.

"மனுஷன் எப்படிய்யா கம்பம் ஆவான்?"

"இவன் ஆனான் சார்" என்று என்னைக் காட்டினார்.

ரெஃப்ரி கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "காளஹஸ்திகாரங்க ஒத்துக்கணும். ஆனா ஒண்ணு, கம்பம் அசையக் கூடாது. அசஞ்சா பாயிண்ட் அவங்களுக்கு."

அவர்கள் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். காலையிலிருந்து அவர் ஓடுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்களே. எங்கள் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. மல்லிகா அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "பூமி நின்னாலும் இந்த ஆளு நிக்க மாட்டாரேடா."

விசில் அடித்தது. நான் பந்தைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. இமைக்கவில்லை. ஒரு ஈ வந்து மூக்கில் உட்கார்ந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, கம்பம்தான் என்று முடிவு செய்து அங்கேயே தங்கிவிட்டது. பந்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வந்தது. அவர்கள் ஆட்டக்காரன் எகிறி ஒரு அடி அடித்தான். பந்து கோணலாகப் பறந்து நேராக அண்ணன் நெற்றியில் மோதியது. மைதானம் முழுக்கச் சத்தம் கேட்டது.

அவர் அசையவில்லை. ஈ மட்டும் பறந்தது.

ரெஃப்ரி விசில் அடித்தார். "கம்பத்துல பட்டா அவுட்! பாயிண்ட் நகரிக்கு!"

பையன்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். அண்ணன் மட்டும் டிரம் மேலேயே நின்றார். நெற்றி நடுவில் ரூபாய்க் காசளவு சிவந்திருந்தது. அக்கா பக்கத்தில் போய் அண்ணாந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

"பொட்டு எங்கன்னு கேட்டானுங்களே, அவனுங்களே வெச்சி உட்டுட்டானுங்க."

"எறங்குணா, ஜெயிச்சிட்டோம்" என்றேன்.

"விசில் அடிச்சாரா?" உதடு அசையாமல் கேட்டார்.

"அடிச்சிட்டாருணா."

"அப்ப நீ வந்து கயித்தப் பிடி. கம்பம் ஆள் மாத்தாம எறங்கக் கூடாது."

நான் கையைத் தூக்கி வாங்கிக்கொண்டேன். அவர் விரல்கள் மடங்கியபடியே இருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது. "பத்து நிமிஷம் பிடிடா, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, அந்த டிராயரோடு ஊருக்குச் சேதி சொல்ல ஓடிவிட்டார்.

திருப்பதியில் முதல் மேட்சிலேயே தோற்றோம். நான் பாத்திரம் கழுவிய ஓட்டலில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம், அண்ணன் மேசைகளுக்கு நடுவே நடந்தபடி சாப்பிட்டார். மைதானம் அப்படியே இருக்கிறது. இப்போது இரும்புக் கம்பங்கள், அவரே வெல்டிங் வைத்தவை. நெட் மட்டும் அதே முந்தானை நெட்தான். எனக்கும் நகரியில் ஒரு கதவிலக்கம் இருக்கிறது. நடுவில் ஒன்றிரண்டு தடவை ஸ்டேஷன் வரை போய்த் திரும்பியிருக்கிறேன். கால் பழக்கம்.

அவர் சொன்ன அந்தப் பத்து நிமிஷம் எனக்கு இன்னும் முடியவில்லை.