மாலையைக் கழற்ற மனம் வராதவர்

தொலைக்காட்சித் தொடருக்குக் கதை எழுதுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. பார்த்ததில்லை என்று சொல்லாதீர்கள். உங்கள் வீட்டில் துக்கம் நேர்ந்த அன்று முதல் ஆளாக வந்து, சற்றுத் தள்ளி நின்று, அழுகிறவர்களை விட்டுவிட்டு அழாதவர்களையே உற்றுப் பார்த்து, பிறகு உங்கள் தோளில் கை வைத்து, “கடைசியா என்ன சொன்னாரு?” என்று கேட்டாரே, அவர்தான். “தண்ணி கேட்டாருங்க” என்று நீங்கள் சொன்னதும் அவர் முகம் வாடியது. துக்கம் என்று எண்ணிக்கொண்டீர்கள். இல்லை. ஏமாற்றம்.

இந்த இனத்தின் அசல் மாதிரி எங்கள் உறவினர் ரெங்கராஜ். ஸ்ரீரங்கத்தில் மேலூர் சாலையில் ஒரு மாடி வீட்டில் இருந்துகொண்டு, சென்னையிலுள்ள ஒரு தொடருக்குக் கைபேசி வழியாகவே கதை அனுப்புகிறார். தொடரின் பெயர் வேண்டாம். நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

கல்யாண வாழ்த்து மடல் எழுதித்தான் அவர் இத்துறைக்கு வந்தார். மணமக்கள் பெயரை மட்டும் மாற்றினால் மற்ற வரிகள் எல்லாக் கல்யாணத்துக்கும் பொருந்தும் என்பதை அங்கே கற்றார். பின்னாளில் சோறு போட்டது அந்தக் கல்விதான். சென்னையில் ஒரு மூத்த எழுத்தாளருக்கு உதவியாளராக இருந்தபோது, நாயகியாக நடித்தவர் பிரசவத்துக்குப் போய்விட, எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருக்க, இவர் மெதுவாக, “கோமாவுல போட்டுடலாம் சார்” என்றார். ஒருத்தி படுத்தாள், ஒருவர் எழுந்தார். அன்று முதல் அவர் கதாசிரியர்.

அவர் கற்பனை செய்வார் என்று எண்ணவேண்டாம். கற்பனைக்கு உழைப்பு வேண்டும். உறவினர் வாயைத் திறக்க ஒரு காபி போதும். நாத்தனார் சண்டை, பாகப் பிரிவினை, பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளி, எல்லாம் பெயர் மாறி, பட்டுச் சேலை கட்டி, இரவு எட்டு மணிக்கு நம் வீட்டுக்கே திரும்பி வரும். அவருடைய வாயில் எந்நேரமும் இருக்கும் சொல் ‘ஃப்ரீஸ்’. பேச்சு உச்சத்துக்குப் போகும்போது முகங்களை அப்படியே உறையவைத்து, மிச்சத்தை நாளைக்கு என்று நிறுத்துவது. இதை வீட்டிலும் செய்வார். அக்காவைக் கூப்பிட்டு, “அக்கா, பதறாம கேளு…” என்பார். கைபேசியை வைத்துவிடுவார். அக்கா பதறிப்போய்ப் பலமுறை அழைத்த பின் தெரியவரும் செய்தி, சிலிண்டர் தீர்ந்துபோய்விட்டது என்பது.

எங்கள் குடும்பத்தில் பிறப்பு இறப்புகளையும் கொள்வினை கொடுப்பினைகளையும் பிழையறக் குறித்துவைக்கும் பொறுப்பு என்னுடையது. நான் இறந்தவர்களை எழுதுகிறேன். ரெங்கராஜ் எழுதி இறக்கவைக்கிறார். எங்களுக்குள் தகராறு நேர இடமில்லாமல்தான் இருந்தது, அவருடைய அக்காள் கணவர் அடைக்கலத்தின் மீது அவர் கை வைக்கும் வரையில்.

அடைக்கலம் எனக்குப் பெரியப்பா மகன். மலைக்கோட்டைக்குக் கீழே பாத்திரக்கடை வைத்திருப்பவர். அவருடைய மகள் வேணிக்கும் மருங்காபுரி சரத்குமாருக்கும் நிச்சயதார்த்தம் முடிந்து, கல்யாணம் ஆவணியில் என்று பத்திரிகையும் அடித்தாயிற்று. அந்த வேளையில் தொடரில் நாயகியின் காலஞ்சென்ற தகப்பனாருக்கு ஒரு புகைப்படம் தேவைப்பட்டது. படப்பிடிப்பில் இருந்த ஒருவரும் தம் படத்துக்கு மாலை போடச் சம்மதிக்கவில்லை. யார்தான் சம்மதிப்பார்? ரெங்கராஜ் தம் கைபேசியைத் துழாவி, நிச்சயதார்த்தத்தன்று சந்தனப் பொட்டும் சிரிப்புமாக அடைக்கலம் நின்ற படத்தை அனுப்பிவைத்தார். அன்று இரவே அது சட்டம் போடப்பட்டு, மாலை ஏறி, முன்னே விளக்கும் எரிய, நாயகி அதன் காலடியில் விழுந்து கதறினாள்.

மறுநாள் காலை, மாப்பிள்ளையின் தாயார் காளியாயி மருங்காபுரியிலிருந்து பஸ் பிடித்து, ரோஜா மாலையும் கையுமாக வந்து இறங்கினார். கதவைத் திறந்தவர் அடைக்கலம்.

“நீங்க யாருங்க?” என்றார் அந்த அம்மாள்.

“என்ன சம்மந்தி இது! நாந்தான், அடைக்கலம்.”

“அப்ப நேத்து டிவியில மாலை போட்டு வச்சிருந்தது யாரு?”

“அதுவும் நாந்தாங்க. மச்சினன் பண்ணுன வேலை.”

காளியாயி அவரை மேலும் கீழும் பார்த்தார். “நிச்சயத்துல எங்களோட பந்தியில உக்காந்தது நீங்களா, அவரா?”

அதே தொடரில் சென்ற மாதம்தான் ஒருவருக்கு இரட்டைச் சகோதரர் முளைத்திருந்தார். உடனே என்னை வரவழைத்தார்கள். அடைக்கலம் ஒற்றைப் பிறவி என்று நான் சாட்சி சொன்னேன். “இப்படித்தாங்க அதுலயும் ஒருத்தரு சத்தியம் பண்ணாரு. கடைசியில அவருதான் வில்லன்” என்றார் காளியாயி.

ஒருவழியாக ஆள் உயிரோடிருப்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றை எழுப்பினார். “மாலை ஏறுன மனுசன் கையால தாரை வாத்துக் குடுத்தா வெளங்குமாங்க? எங்க ஊரே பாத்துருச்சு. போட்ட எடத்துலயே கழட்டச் சொல்லுங்க. அப்புறம் கல்யாணத்தப் பத்திப் பேசுவோம்.”

அடைக்கலம் மச்சினனை அழைத்தார்.

“மாப்ள, மாலையக் கழட்டு.”

“மாமா, உங்க சாவு சூப்பரா போயிட்டிருக்கு. இந்த வாரம் ரேட்டிங்கே நீங்கதான்.”

“வேணி கல்யாணம் நிக்கிது மாப்ள.”

மறுமுனையில் காகிதம் புரளும் ஓசை. பிறகு, பரவசம் தோய்ந்த குரலில், “எந்த எடத்துல நிக்கிது மாமா?” என்றார் ரெங்கராஜ்.

ஆனாலும் வெள்ளிக்கிழமை நாயகி அழுதுகொண்டே மாலையைக் கழற்றினாள். இரண்டு வீட்டிலும் பாயசம் வைத்தார்கள். திங்கட்கிழமை நாயகி விழித்தெழுந்தாள். கழற்றியது கனவாம். மாலை இருந்த இடத்திலேயே இருந்தது. பூ மட்டும் புதிது.

வேணி சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். அவளுடைய தாயார் சந்திரம்மாள் தம்பியின் படம் ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி, மாலையிட்டு, விளக்கேற்றி, அதைப் படமெடுத்து ‘நம்ம சொந்தம்’ வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கீழே ஒரு வரி: “பதறாம கேளுங்க…”

ஆட்டோவில் பறந்து வந்தார் ரெங்கராஜ். வியர்த்துக் கொட்டியது. வழி நெடுக அனுதாப அழைப்புகள்.

“அக்கா, கழட்டுக்கா! நாலு பேரு பாத்தா என்ன நெனைப்பாங்க? உசுரோட இருக்குற ஆளுக்கு…”

“இருடா. ட்ராக் நல்லா போயிட்டிருக்கு” என்றார் சந்திரம்மாள்.

மறுநாள் தொடரில், “ஐயோ, இது எங்க அப்பா போட்டோவே இல்ல, ஃப்ரேம் கடைக்காரரு மாத்திக் குடுத்துட்டாரு!” என்று நாயகி கூவினாள். இத்தனை நாள் யாருடைய காலடியில் விழுந்து அழுதோம் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பார்த்தவர்களும் கேட்கவில்லை. மாலை இறங்கியது. மருங்காபுரி சமாதானமடைந்தது.

முகூர்த்தத்தன்று ரெங்கராஜ் முதல் வரிசையில் அமர்ந்திருந்தார். அடைக்கலம் தாரை வார்த்துக் கொடுத்தார். கெட்டிமேளம் எழும்பி, சரத்குமார் தாலியைக் கையில் எடுத்த அந்த நொடியில், பின்னாலிருந்து ஒரு குரல் பாய்ந்தது: “நிறுத்துங்க!”

ரெங்கராஜின் முகம் மலர்ந்தது. காளியாயியின் முகமும் மலர்ந்ததை நான் கண்ணால் கண்டேன். கத்தியவர் வீடியோக்காரர். யாரோ கேமராவை மறைத்தார்களாம். தாலி ஏறிற்று. “ஒண்ணும் ஆகலயே” என்று காளியாயி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். நிம்மதிதான், ஆனால் நிம்மதி மட்டும் அல்ல.

அது கிடக்கட்டும். அந்த ‘நிறுத்துங்க’வைப் படித்தபோது உங்கள் நெஞ்சும் ஒருமுறை துள்ளிற்றே? கல்யாணம் நின்றுவிடுமோ என்றா, நின்றால் நன்றாயிருக்குமே என்றா? பதில் சொல்லுமுன் சற்றுத் தயங்குகிறீர்கள் பாருங்கள், அந்த முகத்தில்தான் ரெங்கராஜ் ஃப்ரீஸ் வைப்பார்.