மூன்றாம் அணியின் தொப்பிக் குஞ்சம்

பொத்தான் எண்ணி என்றொரு மனித இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. உலகெங்கும் காணப்பட்டாலும், எங்கள் நியூவார்க் போன்ற இங்கிலாந்துச் சிற்றூர்களில்தான் அது கொழுத்து வளர்கிறது. ஈயத்தில் வார்த்த கட்டைவிரல் உயரச் சிப்பாய்களுக்கு நெப்போலியன் காலத்துச் சீருடையைத் தீட்டி, மேசைமேல் அணிவகுத்து நிறுத்தி, பகடை உருட்டிப் போர் செய்கிற ஆசாமிகள் எங்கே கூடினாலும் அங்கே ஒரு பொத்தான் எண்ணி இருப்பார். போர் செய்ய மாட்டார். பொத்தான் எண்ணுவார்.

எங்கள் ஊருக்கு வாய்த்தவர் கார்டன் பிக்கர்ஸ்கில். நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குமேல் ஒரு கண்ணாடி, அதற்கு முன்னால் விளக்கு வைத்த பூதக்கண்ணாடி, கையில் நாலைந்து மயிர் மட்டுமே மிஞ்சிய தூரிகை. மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு சிப்பாயின் மீசைக்கு நிழல் தீட்டுவார். தூரிகையைத் தேநீரில் முக்கிவிட்டு, பக்கத்திலிருக்கும் கலங்கல் தண்ணீரை எடுத்துக் குடிப்பார்.

"டீ எப்படி இருக்கு?" என்பாள் மனைவி ஹிலரி.

"கொஞ்சம் நீலமா இருக்கு."

சிப்பாய் முடிந்தால் வேலை முடிந்ததா? காலடிக்குப் பசை தடவி, மணல் தூவி, மணல் காய்ந்ததும் புல் நட வேண்டும். அந்தப் புல்லில் அவருக்கு ஒரு வாரம் போகும்.

"நெப்போலியன் தோத்த அந்த ஜூன் மாசம் பெல்ஜியத்துல புல் இவ்வளவு பச்சையாவா இருந்திருக்கும், ஹிலரி?"

"நம்ம தோட்டத்துப் புல்லு உன் முட்டி வரைக்கும் வளந்து நிக்குது. அதைப் போய்ப் பாரு."

இப்படி உருவான படை கண்ணாடி அலமாரிக்குள் நின்றது. ஒரு நாளும் போருக்கு வந்ததில்லை. கேட்டால், "இன்னும் முடியல" என்பார். பலகாரத் தட்டைத் துழாவிய விரலால் எவனாவது துப்பாக்கி முனையைப் பிடித்துத் தூக்கிவிடுவானோ என்ற பயம் அவருக்கு. ஆனால் தேவாலயக் கூடத்தில் வியாழக்கிழமை ஆட்டம் நடக்கும்போது மட்டும் தவறாமல் வருவார். அடுத்தவன் படையைப் பார்வையிட.

அப்படியொரு வியாழக்கிழமை நெவில் தர்ஸ்பி ஒரு பெட்டியோடு வந்தான். கார்டனின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். கை நடுக்கம் வந்து தூரிகையைத் தொடாமலிருந்தவன், இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பிரெஞ்சுப் பட்டாளத்தையே தீட்டி முடித்திருந்தான். எல்லோரும் சூழ்ந்து நின்று கைதட்டினார்கள். கார்டன் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு நெவில். ஆனா…"

இந்த இனத்தின் விஷம் அந்த 'ஆனா'வில் இருக்கிறது.

"மூணாவது அணிக்குத் தொப்பிக் குஞ்சம் விடியல் நிறம்டா. செம்மஞ்சள். நீ எலுமிச்சம்பழ மஞ்சள் அடிச்சு வச்சிருக்க."

நெவில் ஒவ்வொரு சிப்பாயாக எடுத்துப் பெட்டியில் வைத்தான். நடுக்கத்தில் ஒருவன் கீழே விழுந்தான். குனிந்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த வியாழன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

"உண்மையைத்தானே சொன்னேன்?" என்றார் கார்டன் வீட்டில்.

"குஞ்சத்தைப் பாத்த. அவன் கையைப் பாத்தியா?" என்றாள் ஹிலரி.

அன்று ஒரு மீசையையும் அவரால் தீட்ட முடியவில்லை. மறுநாள் காலை நெவில் வீட்டுக் கதவைத் தட்டினார். என்ன கொண்டுபோனார் என்கிறீர்கள்? பூங்கொத்தா? கேக்கா? ஒரு சிறிய வண்ணக் குப்பி. விடியல் நிறம்.

நெவில் குப்பியைப் பார்த்தான். "மன்னிப்புக் கேக்க வந்தியா, திருத்த வந்தியா?"

கார்டன் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "ரெண்டுக்கும்தான்."

நெவிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, உள்ள வந்து தொலை. ஒரு நிபந்தனை. உன் அலமாரிப் படையை வியாழக்கிழமை மேசைக்குக் கொண்டு வரணும். என் எலுமிச்சம்பழத்துக்கு எதிரா. எவன் தொட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது."

கொண்டு வந்தார். கைக்குழந்தைகளைச் சுமப்பதுபோல், பஞ்சில் பொதிந்து. ஒருவன் உருளைக்கிழங்கு வறுவல் விரல்களால் அவருடைய கொடிவீரனைத் தூக்கினான். கார்டன் கார் நிறுத்துமிடம் வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். குஞ்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சு தொண்டை வரை வந்தபோதெல்லாம் முட்டை சாண்ட்விச்சால் அடைத்துக்கொண்டார்.

கடைசியில் நெவிலின் நடுங்கும் கையிலிருந்து பகடை விழுந்தது. முதல் வேட்டுக்கே கார்டனின் மாசற்ற பட்டாளம் முதுகைக் காட்டி ஓட்டம் பிடித்தது. ஆட்ட விதிப்படி அவரே தம் கையால் ஒவ்வொருவரையும் திருப்பி நிறுத்த வேண்டியிருந்தது.

நெவில் குனிந்து நெடுநேரம் பார்த்தான். "டேய் கார்டன், முதுகுமூட்டை வார்ல தையல் கூடப் போட்டிருக்கியேடா! என்ன அழகுடா!"

இத்தனை வருடங்களில் அந்தத் தையலை இன்னொரு மனிதன் பார்ப்பது அதுவே முதல்முறை. கார்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் தூசி எதுவும் இல்லை.

நீங்கள் பொம்மைச் சிப்பாயைத் தொட்டதே இல்லை என்கிறீர்கள். நல்லது. ஆனால் கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்ததும் மாப்பிள்ளை யாரென்று பார்ப்பதற்கு முன் ஒற்றுப்பிழையைப் பார்க்கிறவரா நீங்கள்? இந்தக் கதையிலும் எங்கோ ஒரு இடத்தில் 'க்' விட்டுப்போனதாக உங்களுக்குத் தோன்றியிருக்குமே? இல்லையா? இருங்கள், திரும்பப் போய்த் தேடாதீர்கள்.