சீர்த் தாம்பாளத்தில் ஒரு நகல் இயந்திரம்

கேட்ட கேள்விக்கு முழுப் பதிலையும் சொல்லி முடிக்காமல் வாயை மூட முடியாத வியாதி ஒன்று உண்டு. எனக்கு அது பள்ளிக்கூடத்தில் தொற்றியது. மதிப்பெண் கிடைத்தவரைக்கும் அதை அறிவு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அதே வாய் ஒரு மில்லையே பட்டினி போடும் என்பது வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

அறுபதுகளில் செஞ்சியில் ஒரு மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) எண்ணெய் மில்லில் நான் பில் கிளார்க். சாக்கு, கயிறு, வண்டி வாடகை என்று மில் பணம் கொடுக்கவேண்டிய எல்லாப் பில்லும் என் மேஜைக்குத்தான் வரும். ஒவ்வொன்றையும் மூன்று நகல் கையால் எழுதவேண்டும். முதலாளிக்கு ஒன்று, திண்டிவனத்திலிருந்த அவருடைய கூட்டாளிக்கு ஒன்று, ஆடிட்டருக்கு ஒன்று. மூன்றும் ஒத்துப்போனால்தான் பட்டுவாடா.

கார்பன் வைத்து எழுதக்கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். முதலாளி அப்பாண்டை நயினாருக்கு மையில் தொட்டு எழுதும் கட்டைப் பேனாவால் எழுதினால்தான் எழுத்து. பென்சில் அழிந்துபோகும், பால்பாயிண்ட் பேனாவை நம்ப முடியாது என்பார். கட்டைப் பேனாவையோ அழுத்தினால், கார்பன் பதிவதற்குள் நிப் பிளந்துவிடும்.

இதனால் அடிபட்டது என் சாப்பாடு. நாங்கள் ஜைனர்கள். முதலாளியும் நானும், வாட்ச்மேன் தவிர மில்லில் மற்றவர்களும் பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டோம். முதலாளி வெயில் இருக்கும்போதே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார். நான் மூன்றாவது நகலில் இருப்பேன். போதாக்குறைக்கு, செஞ்சியில் சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் சீக்கிரமே ஒளிந்துகொள்ளும். மலைக்கு மேற்கே இன்னும் வெயில் அடிக்கிறதே, அப்படியானால் பகல்தானே என்று என் புது மனைவி ராஜமதியிடம் வாதாடிப் பார்த்தேன்.

"அப்ப மலைக்கு அந்தாண்ட போயி சாப்டுங்க. நம்ம வூட்ல பொழுது பூடுச்சு" என்றாள்.

நான் சாப்பிடாமல் அவளும் சாப்பிடமாட்டாள். இரண்டு பேரும் மூடிவைத்த சோற்றுப் பானையைப் பார்த்தபடி படுத்துக்கொள்வோம். கடைசியில் ஒருநாள் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள். "இன்னும் ஒரு நாள் பொழுது போயி வந்தீங்கன்னா, நான் மேல்சித்தாமூருக்கே பூடுவேன். எங்கம்மா நேரத்துக்குச் சோறு போடுவாங்க."

சொன்னதைச் செய்கிறவள். எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது.

அப்போதுதான் ஒரு பழைய வாரப் பத்திரிகையில், வீட்டிலேயே நகல் எடுக்கும் முறை கண்ணில் பட்டது. கிளிசரின், சர்க்கரை, தச்சர்கள் மரம் ஒட்டும் வஜ்ஜிரம் மூன்றையும் தண்ணீரில் காய்ச்சித் தட்டில் ஊற்றினால் பசை அல்வா போல உறையும். வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்தை மையாகத் தொட்டு எழுதி, அந்தக் காகிதத்தை அதன்மேல் அழுத்தினால் எழுத்து பசைக்குள் இறங்கிவிடும். பிறகு வெள்ளைத்தாளை ஒவ்வொன்றாக அழுத்தி எடுக்கவேண்டியதுதான். எழுத்து எப்படிக் காகிதத்தை விட்டு இறங்கும், திரும்ப எப்படி ஏறும் என்று யோசித்து யோசித்து எனக்கு வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. கட்டைப் பேனாவும் பிழைத்தது, நானும் பிழைத்தேன் என்று குதித்தேன்.

விளிம்பு வைத்த அகலமான தட்டு வேண்டும். வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று, ராஜமதிக்குச் சீராக வந்த பித்தளைத் தாம்பாளம். (ஒரு நாளைக்குத்தானே, இதையெல்லாம் போய்க் கேட்டுக்கொண்டா இருப்பார்கள்?) வஜ்ஜிரத்தைத் தச்சுப்பட்டறையில் வாங்கி, மில்லின் பின்பக்கம் தகரத்தில் காய்ச்சினேன். வாட்ச்மேன் முனுசாமி மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இன்னா சாமி, எதுனா செத்துக் கெடக்குதா?"

"விஞ்ஞானம்னா அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

மறுநாள் மதியம் முதலாளி முன்னால் அரங்கேற்றம். சாக்குக்கடைப் பில்லை ஊதா மையில் எழுதி அழுத்தினேன். வெள்ளைத்தாளை வைத்து எடுத்தேன். எழுத்து அச்சாக வந்தது. மில்லே கூடிவிட்டது. ஆளுக்கு ஒரு தாள் வாங்கி அழுத்திப் பார்த்தார்கள். முதலாளி ஆசை தாங்காமல் உள்ளங்கையையே பசையில் வைத்து அழுத்திவிட்டு, ஊதாக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அட, ரேகையெல்லாம் தெரியுது பாருப்பா!"

எல்லாப் பில்லும் முடிந்தபோது சூரியன் ராஜகிரிக்கு மேலே வெகு உயரத்தில் இருந்தது. வீட்டில் ராஜமதி பாயசம் வைப்பதாகச் சொல்லியிருந்தாள். நான் அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கவேண்டும்.

"இது இன்னாத்துல பண்ணதுப்பா?" என்றார் முதலாளி.

"கிளிசரின், சர்க்கரை, வஜ்ஜிரம், நயினார்."

"வஜ்ஜிரம் எதுலேர்ந்து வருது?"

என் கை தானாகக் கட்டிக்கொண்டது. வகுப்பில் எழுந்து நிற்பது போல நின்று ஒப்பித்தேன். "மாட்டின் எலும்பு, தோல், குளம்பு ஆகியவற்றை நீரில் நெடுநேரம் காய்ச்சிப் பெறப்படுவது."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பாடத்தில் படித்த வஜ்ஜிரமும் பட்டறையில் வாங்கிய வஜ்ஜிரமும் ஒன்று என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

முதலாளி ஊதாக் கையைப் பார்த்தார். "இன்னா சொன்ன?"

"மாட்டின் எலும்பு, தோல்..." என்று மறுபடி ஆரம்பித்தேன்.

அதன்பின் கிணற்றடி. பசையைத் தொட்டவர்கள் எல்லாரும் முழுக்குப் போட்டாகவேண்டும். இருந்தது ஒரு கயிறு, ஒரு வாளி. முதலில் முதலாளி. ஊதா போகாமல் அவர் நகரமாட்டார். ஊதா போவதாக இல்லை. சோப்பு, சாம்பல், புளி எல்லாம் ஆயிற்று. அவர் தேய்க்கத் தேய்க்க, வரிசையில் நின்ற நாங்கள் அத்தனை பேரும் ராஜகிரியையே பார்த்துக்கொண்டிருந்தோம். சூரியன் மலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. முதலாளி உட்பட ஒருவருக்கும் அன்று சோறில்லை.

வீட்டுக்குத் தகவல் சொல்ல அனுப்பியிருந்த முனுசாமி வாயைத் துடைத்தபடி திரும்பி வந்தார்.

"அம்மா பாயாசத்த வீணாக்க வேணாம்னு எனக்கு ஊத்திட்டாங்க சாமி. முந்திரி நெறைய."

"என்ன சொன்னீங்க அவகிட்ட?"

"உள்ளதத்தான் சொன்னேன். அய்யா எலும்பக் காய்ச்சிட்டாருன்னு."

வீட்டு வாசலில் ராஜமதி டிரங்குப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எந்தப் பாத்திரத்துல?"

முழுப் பதிலும் சொன்னேன்.

எழுந்து தெருவை ஒருமுறை பார்த்தாள். பிறகு பெட்டியை உள்ளே தூக்கிக்கொண்டு போனாள். "தாம்பாளம் எங்கடின்னு எங்கம்மா கேட்டா, நான் இன்னான்னு சொல்றது?" அந்த ஒரு வெட்கத்தில்தான் என் குடும்பம் நிலைத்தது.

மறுநாள் முதலாளி கண் சிவந்து வந்தார். "ராவெல்லாம் தூக்கமே இல்லப்பா. வயிறு காந்துது. நீ தெனம் இப்டித்தான் போறியா?"

"ஆமா, நயினார்." (என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகச் சிறிய பதில்.)

அன்று மதியமே பால்பாயிண்ட் பேனாவும் கார்பன் பெட்டியும் என் மேஜைக்கு வந்துவிட்டன. அதன்பின் ஒருநாளும் நான் பொழுது போய் வீடு திரும்பியதில்லை.

தாம்பாளத்தை எத்தனை தேய்த்தும் அது அடுக்களைக்குள் நுழையவில்லை. கூடத்து அலமாரிக்குப் போய், வீட்டில் கட்டவேண்டிய பில்களைப் போட்டுவைக்கும் தட்டாகிவிட்டது. இப்போது அதுவும் காலி. கரண்ட் பில்லையும் கேஸ் பில்லையும் என் மகன் கைப்பேசியிலேயே கட்டிவிடுகிறான். போன வாரம் அவன் கட்டுவதை ராஜமதி அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொட்டாப் போதுமாடா? எழுதவே வேணாமா?"

"வேணாம்மா."

"நல்லதுதான். ஆனா இத இன்னாத்தக் காய்ச்சிப் பண்ணாங்கன்னு மட்டும் உங்கப்பாவக் கேட்டுடாத, சொல்லிடுவாரு. நான் இன்னும் சாப்புடல."