மந்திரிக்காத வண்டி

"வண்டிய எடுங்கம்மா, இது நோ பார்க்கிங்…"

"தொட்டீர்னா பாத்துக்கிடும்…"

"போர்டு வச்சிருக்கது கண்ணுல படலியா…"

"கண்ணு எனக்கு நல்லாவே தெரியும் சாரே. மந்திரிக்காத வண்டியில கைய வைக்கப்பிடாது."

குளச்சலில் மாதா கோயில் வாசலை ஒட்டிய சாலை. வெள்ளைக் காரின் முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள் லீமா. எதிரே, சக்கரத்தில் மாட்டும் பூட்டோடு பார்க்கிங் அதிகாரி வைகுண்டராஜன். மனுஷருக்கு வாயைத் திறந்தால் அதட்டல்தான். பேச்சோடு பேச்சாக டயரை ஒரு உதையும் விட்டார்.

உதை லீமாவின் நெஞ்சில்தான் விழுந்தது. மீன்பிடி வள்ளத்தைத் தவிர வேறு வாகனம் அறியாத குடும்பத்துக்கு வந்த முதல் கார். மகன் பெனின் மஸ்கட்டில் வெயில் தின்று வாங்கியது. வெள்ளை வண்டி, காலையில் கோயில் வாசலுக்கே வந்துவிடும் என்று போனில் சொல்லியிருந்தான். சொன்னபடியே நின்றது, இருக்கைகளில் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல். ஃபாதர் மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கும்வரை கதவைக்கூடத் தொடுவதில்லை என்று அவள் நேர்ந்திருந்தாள்.

சாவி எங்கே என்று கேட்டார் அதிகாரி. ஷோரூம் டிரைவர் சாயா குடிக்கப் போயிருப்பான் என்றாள். போன் போட்டாள், அவன் எடுக்கவில்லை. புது வண்டி என்பதைக் காட்ட, கையில் இருந்த பிச்சிப்பூ மாலையைத் தள்ளி நின்றே அதன்மேல் வீசினாள். கடமையைச் செய்யவிடாமல் தடுக்கிறாள் என்று அவர் சக்கரத்தைப் பூட்டினார். பூட்டினால் பயந்துவிடுவேனா என்று அவள் கேட்டதற்கு, கிரேனை வரச்சொன்னார். ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போகிறாராம்.

"முதல் ஓட்டமே ஸ்டேஷனுக்கா? நான் உசுரோட இருக்கது வர நடக்காது."

நாத்தனார் ஜாஸ்மியை ஓடவிட்டு ஃபாதரை அழைத்துவரச் செய்தாள். பூசை முடிந்த நேரம். அவரும் தீர்த்தச் செம்போடு வந்துவிட்டார். ஃபாதர் வண்டி மந்திரிக்கிறார் என்று தெரிந்ததும் போகிற வருகிற மீன் டெம்போ, ஆட்டோ, பைக் எல்லாம் தங்களுக்கும் தீர்த்தம் வேண்டிப் பின்னால் வந்து வரிசை கட்டின. சாலை அடைந்துபோனது. வந்த கிரேன் வளைவிலேயே மாட்டிக்கொண்டது. அதிகாரியின் ஜீப் இரண்டு மீன் டெம்போக்களுக்கு நடுவே, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் நின்றது.

வைகுண்டராஜன் சுற்றிலும் பார்த்தார். பிறகு குனிந்து, தானே பூட்டைக் கழற்றினார்.

ஃபாதர் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். காருக்கு விழுந்ததில் பாதி அதிகாரியின் தொப்பிக்கும் விழுந்தது. கூட்டம் கைதட்டியது. லீமா, புது வண்டிக்கென்று கொண்டுவந்திருந்த லட்டில் ஒன்றை எடுத்து அதிகாரியின் கையில் வைத்தாள்.

"இனி எந்த வண்டியையும் காலால உதைக்காதேயும் சாரே. ஒவ்வொண்ணும் ஒரு வீட்டோட வேர்வை."

"தப்புதாம்மா," என்றார் அவர்.

தலை நிமிர்ந்து நின்றாள் லீமா. அவள் பெயர் கடற்கரைவரை போயிருக்கும். அப்போது போன் அடித்தது. பெனின்தான் என்று நினைத்து, ஊரே கேட்கட்டும் என ஸ்பீக்கரில் போட்டாள். ஷோரூம் டிரைவர்.

"அம்மா, கோவப்படாதீங்க. தக்கலையில ஒரே பிளாக்கு. உங்க வண்டி அங்க வந்து சேர இன்னும் ஒரு மணிக்கூறு ஆவும்."