பல் டாக்டரின் முப்பத்திரண்டு ஸ்டியரிங்

பல் டாக்டர் அன்றைக்குக் காலையில் ஒரு சபதம் எடுத்தார். தலையே போனாலும் ஜன்னல் அறையை விட்டுக்கொடுப்பதில்லை. சபதத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை. மனைவி எதிரில் உட்கார்ந்திருந்தாள். மனசுக்குள்ளேயே, ஆனால் நல்ல சத்தமாக எடுத்தார்.

அந்த அறையில் இருந்தது ஸ்டியரிங். நாலு சுவரிலும் ஆணி அடித்து ஸ்டியரிங்காக மாட்டியிருந்தார். மொத்தம் முப்பத்திரண்டு. கார் ஒன்றுகூடக் கிடையாது. அவர் க்ளினிக்குக்குப் போவது பஸ்ஸில்.

சாதாரண ஸ்டியரிங் என்று நினைத்துவிடக் கூடாது. ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்னால், காரோடு வந்த ஸ்டியரிங் பிடிக்காதவர்கள் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, தனிப் பட்டறைகளில் செய்த வேறொன்றை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். அந்த வகை. "இது வண்டியோட கூடப் பிறந்தது இல்ல. மருமக மாதிரி அப்புறமா வந்து சேர்ந்தது. ஆனா வண்டி எந்தப் பக்கம் திரும்பணும்னு இதுதான் முடிவு பண்ணும்" என்று டாக்டர் விளக்குவார். இது தன் வீட்டுக்கும் பொருந்தும் என்பதை அவர் யோசித்ததில்லை.

ஒவ்வொன்றையும் செய்தது எந்தப் பட்டறை என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய பித்து. பின்பக்கம் திருப்பி, கம்பியில் முத்திரை குத்தியிருக்கிறதா என்று பார்ப்பார். முத்திரை தேய்ந்து போயிருந்தால் நடுவில் போல்ட் போடும் ஓட்டைகளை எண்ணுவார். ஒரு பட்டறை ஆறு போடும், இன்னொன்று ஒன்பது போடும். பிறகு ஹாரன் பொத்தான். கடைசியாக, வளையத்தின் மேல் தோலைச் சுற்றித் தைத்த தையல். பழைய கார் வைத்திருக்கும் நாலைந்து பேர் ஸ்டியரிங்கைத் தூக்கிக்கொண்டு க்ளினிக்குக்கே வருவார்கள். பல்வலிக்காரர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

கண்டுபிடித்ததை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங்கின் முதுகில் ஒட்டிவிடுவார். அதில் ஒரு ரகசியம் உண்டு. பதினோரு சீட்டில் 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தது. சீட்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் ஊருக்குத் தெரியாது. தூசி தட்டுகிற மனைவிக்குத் தெரியும் என்பதை அவர் மறந்துவிட்டார்.

மனைவிக்குத் தொழில் தோல் பை தைப்பது. வீட்டில் நல்ல வெளிச்சம் விழுவது ஜன்னல் அறையில் மட்டும்தான். அங்கே ஸ்டியரிங் குடியிருந்ததால் அவள் சாப்பாட்டு மேஜையில் தைத்தாள். சண்டை தொடங்கியதே அதனால்தான்.

"என்ன இது? தட்டுல ஊசி!"

"அப்பாடா, கிடைச்சுதா? நேத்துல இருந்து தேடிட்டிருக்கேன்."

"நான் முழுங்கியிருந்தா?"

"முழுங்கலையே. இப்படிக் குடுங்க. மேஜை ஒண்ணு, வேலை ரெண்டு. அந்த அறையைக் குடுத்தீங்கன்னா ஊசி அங்க இருக்கும், சாப்பாடு இங்க இருக்கும்."

"அது ஆராய்ச்சி அறை!"

"என்ன ஆராய்ச்சி? காலையில கதவைத் திறக்கிறீங்க, 'முப்பத்திரண்டு'ங்கிறீங்க, கதவைச் சாத்திடுறீங்க."

"முப்பத்திரண்டு! முழுப் பல்வரிசை. அதுல ஒண்ணு போனாலும் இந்தக் கண்ணுக்குத் தெரிஞ்சுடும். ஏன், ஒரு ஸ்டியரிங்கை என் கையில குடு, கண்ணை மூடிட்டே யார் செஞ்சதுன்னு சொல்றேன்."

மனைவி ஊசியைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தாள். "கண்ணை மூடிட்டேவா?"

"கட்டியே விடேன்."

"சரி. நான் ஒண்ணு கொண்டு வரேன். சரியாச் சொல்லிட்டீங்கன்னா இனிமே அறைன்னு வாயே திறக்க மாட்டேன். தப்பாச் சொன்னா அறை எனக்கு. ரெண்டு வாரம் டைம் குடுங்க."

"நாலு வாரம் எடுத்துக்கோ!" என்றார் டாக்டர் பெருந்தன்மையோடு. கை கழுவப் போன இடத்தில்தான் அவருக்கு அந்தப் பதினோரு 'தெரியவில்லை' ஞாபகம் வந்தது. அறை போனால் ஸ்டியரிங் போகும். ஸ்டியரிங் போனால் அவர் வெறும் பல் டாக்டர். ஊரில் பல் டாக்டருக்கா பஞ்சம்?

ஆனால் டாக்டர் லேசுப்பட்டவர் அல்ல. ஸ்டியரிங் வாங்க மனைவி எங்கே போவாள்? இந்த வட்டாரத்தில் பழைய கார் சாமான் விற்பவர் ஒரே ஒருவர்தான். அன்று மாலையே டாக்டர் அந்தக் கடையில் நின்றார்.

"என் வீட்டுக்காரி ஒரு ஸ்டியரிங் கேட்டு வருவா. மேல மாட்டியிருக்கே, குதிரைலாட முத்திரை, மூணு கம்பி, ஒன்பது ஓட்டை, தோல் சுத்தினது, அதைக் குடுத்துடுங்க."

"குடுத்துட்டாப் போச்சு" என்றார் கடைக்காரர். அவர் வாயில் டாக்டர் கட்டிய பல் செட் பளபளத்தது. ஆளும் நன்றியுள்ளவர். மூன்றாம் நாளே போன் செய்தார். "அம்மா வந்தாங்க. நீங்க சொன்னதையே குடுத்துட்டேன்."

டாக்டர் அன்று இரவு குறட்டை விட்டுத் தூங்கினார். அதற்கப்புறம் காலையில் அறைக் கதவைத் திறந்து "முப்பத்திரண்டு" சொல்லும்போது குரலில் ஒரு ராகம்கூடச் சேர்ந்துகொண்டது. மனைவி சாப்பாட்டு மேஜையில் குனிந்து எதையோ தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு வக்கீல் ஒருநாள் வந்து, மாவு சலிக்கச் சல்லடை கேட்டார். "அது ரெண்டு வாரத்துக்கு வேற வேலையாப் போயிருக்குண்ணா" என்றாள் மனைவி. சல்லடைக்கு வேறென்ன வேலை என்று டாக்டர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

குறித்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. நடுவராக வக்கீலையே அழைத்திருந்தார்கள். சாமான் கடைக்காரரும் வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, டாக்டரைப் பார்த்து முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார். மனைவி துண்டை எடுத்து டாக்டரின் கண்ணை இறுக்கிக் கட்டினாள். மடியில் ஸ்டியரிங்கை வைத்தாள்.

டாக்டரின் விரல்கள் பழக்கதோஷத்தில் நேராக நடுவுக்குப் போயின. ஓட்டைகளை எண்ணின. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. அவ்வளவுதான். ஏழாவது இல்லை. விரல்கள் இன்னொரு சுற்றுச் சுற்றின. மறுபடியும் ஆறு. நல்ல விரல்கள் அவை. இருபது வருஷமாக ஊராரின் கடைவாய்ப் பல்லில் எங்கே ஓட்டை என்று பொய் சொல்லாமல் சொன்ன விரல்கள். டாக்டர்தான் அவற்றை நம்பவில்லை. கடைக்காரர் கொடுத்தது ஒன்பது ஓட்டை. அவரே போனில் சொல்லியாயிற்று. அப்புறம் விரலுக்கு என்ன தெரியும்? சும்மா கிட என்று விரல்களை அடக்கிவிட்டு, டாக்டர் தொண்டையைக் கனைத்தார்.

"மூணு கம்பி. ஒன்பது ஓட்டை. குதிரைலாட முத்திரைப் பட்டறை. சந்தேகமே இல்ல."

"ஒன்பதா? நல்லா எண்ணிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"எண்ணவே வேண்டாம். தொட்டதும் தெரியுது."

"பெரிய ஆளுதாங்க நீங்க. அந்தத் தையலைக் கொஞ்சம் தடவிப் பாருங்களேன். எப்படி இருக்கு?"

டாக்டர் தடவினார். இந்த முறை விரல்கள் நிஜமாகவே சொக்கிப் போயின. வளையத்தின் உள்பக்கமாகத் தையல் ஒரு மயிரிழை பிசகாமல் ஓடியது. எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்றே தெரியவில்லை. "அடடா!" என்றார். இது நடிப்பே இல்லை. "வக்கீல் சார், இதுதான் சார் தையல்! இதைத் தைச்சவன் லேசுப்பட்ட ஆள் இல்ல. அந்தப் பட்டறையோட தலைமை மேஸ்திரியா இருக்கணும்."

"எத்தனை வருஷ அனுபவம் இருக்கும்?"

"முப்பது வருஷம்! கம்மியா இருந்தா நான் டாக்டரே இல்ல."

"எங்க உட்கார்ந்து தைச்சிருப்பாங்க? சாப்பாட்டு மேஜையில தைச்சிருக்கலாமா?"

"சாப்பாட்டு மேஜையா!" டாக்டர் பரிதாபமாகச் சிரித்தார். "இந்த மாதிரி கைக்கு மேஜையில இடம் போட்டுக் குடுத்தா அது பாவம். தனி அறை வேணும். பெரிய ஜன்னல் வேணும். காலை வெளிச்சம் நேரா கையில வந்து விழணும். யாரும் உள்ள போய்த் தொந்தரவு பண்ணக் கூடாது. இப்படி ஒரு கைக்கு அப்படி ஒரு அறை குடுக்காதவன் மனுஷனே இல்ல!"

தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"குறிச்சுக்கோங்கண்ணா" என்றாள் மனைவி வக்கீலிடம்.

"குறிச்சாச்சு, தங்கச்சி."

மனைவி துண்டை அவிழ்த்தாள். டாக்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மடியில் இருந்ததைப் பார்த்தார். புத்தம் புதுத் தோல். பழுப்பு நிறம். அவள் கைப்பை தைக்கிற அதே தோல் மாதிரி இருந்தது.

"திருப்பிப் பாருங்க" என்றாள்.

திருப்பினார். முதுகில் ஒரு சீட்டு. அவர் கையெழுத்து. 'எண் 14. ஆறு ஓட்டை. தோல் நார்நாராகக் கிழிசல். செய்தவர்: தெரியவில்லை.'

"இது... நம்ம அறையில இருந்ததாச்சே!"

"ரெண்டு வாரமா அறையில இல்ல."

"அதெப்படி? இன்னைக்குக் காலையிலகூட எண்ணினேனே! முப்பத்திரண்டு இருந்துதே!"

எல்லோரும் எழுந்து ஜன்னல் அறைக்குப் போனார்கள். பதினான்காவது ஆணியில், இரண்டு ஸ்டியரிங்குக்கு நடுவில், மாவுச் சல்லடை கம்பீரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வக்கீல் அதைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். "இதுக்குத்தான் இத்தனை நாளா என் வீட்டுல பாட்டு வாங்கினேன்" என்றார். ஒரு பல் போனதே தெரியாத பல் டாக்டர் என்று அவர் சொல்லவில்லை. முகத்தில் எழுதியிருந்தது.

எல்லோரும் கூடத்துக்குத் திரும்பியதும் மனைவி சோபாவின் அடியிலிருந்து இன்னொரு ஸ்டியரிங்கை இழுத்தாள். "நீங்க சொன்ன குதிரைலாடம், ஒன்பது ஓட்டை எல்லாம் இதுல இருக்கு. இதைத் தொடவே இல்லையே நீங்க. எப்படிங்க தெரிஞ்சுது?"

டாக்டர் கடைக்காரரைப் பார்த்தார். பார்வையில் பல்லைப் பிடுங்கும் குறடு இருந்தது.

"என்னை ஏன் முறைக்கிறீங்க, டாக்டர்? குடுக்கச் சொன்னீங்க, குடுத்தேன். 'டாக்டர் இதைத்தான் உங்களுக்குக் குடுக்கச் சொன்னாரு'ன்னு அம்மாகிட்ட மரியாதையாச் சொல்லித்தான் குடுத்தேன். சொல்லக் கூடாதுன்னு நீங்க சொல்லலையே?" கடைக்காரர் எண் பதினான்கை வாங்கி, தையலை விரலால் நீவிப் பார்த்தார். "அம்மா, கடையில தோல் கிழிஞ்சது ஆறு கிடக்கு. தைச்சுத் தருவீங்களா?"

"அறை கிடைச்சதும் ஆரம்பிச்சுடலாம்."

"வக்கீல் சார்!" டாக்டர் கடைசி முயற்சியாகக் கையைத் தூக்கினார். "பதினாலை யார் செஞ்சதுன்னு யாருக்குமே தெரியாது. அப்ப நான் சொன்னது தப்புன்னு எப்படிச் சொல்ல முடியும்?"

"தெரியலைன்னு எழுதி வச்சதும் நீங்க, தெரியும்னு சொன்னதும் நீங்க, ஆறை ஒன்பதாக்கினதும் நீங்க. இதுல நான் யாரைக் குறுக்கு விசாரணை பண்றது?" என்றார் வக்கீல். "போகட்டும். 'அப்படி ஒரு கைக்கு அறை குடுக்காதவன் மனுஷனே இல்ல'ன்னும் நீங்களே சொல்லியாச்சு. மனுஷனா இருக்கப் போறீங்களா, இல்லையா?"

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல் என்று டாக்டருக்குத் தோன்றியது. மனைவி பக்கம் திரும்பினார். அந்தத் தையலை இன்னொரு தரம் பார்த்தார். பொய் சொல்ல வரவில்லை.

"நிஜமாவே நல்லா தைச்சிருக்கே" என்றார் தாழ்ந்த குரலில். "முப்பது வருஷம்னே நினைச்சேன்."

"பன்னெண்டு வருஷம்தாங்க. நம்ம கல்யாணத்துக்கு அப்புறம் ஆரம்பிச்சது." அவள் முகம் மலர்ந்துவிட்டது. அதைப் பார்த்ததும் டாக்டருக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது.

"என் ஸ்டியரிங்கெல்லாம் எங்க போகும்?"

"வெளியில போடச் சொல்லலையே. மாடிப்படிக்கு அடியில உள்அறை இருக்குல்ல? நேத்தே பெருக்கித் துடைச்சு ஆணியெல்லாம் அடிச்சு வச்சுட்டேன். முப்பத்திரண்டு ஆணி. இதோ இந்தக் குதிரைலாடத்துக்கு முப்பத்துமூணாவதும் அடிச்சிருக்கேன்."

டாக்டர் ஆவலாக ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். உள்ளே கும்மிருட்டு. ஜன்னல் இல்லை. விளக்கும் இல்லை.

"ஏம்மா, இங்க ஒண்ணுமே தெரியலையே! வெளிச்சம் இல்லாம நான் எப்படி ஆராய்ச்சி பண்றது?"

"உங்களுக்கு எதுக்குங்க வெளிச்சம்? நீங்கதான் கண்ணை மூடிட்டே கண்டுபிடிச்சுடுவீங்களே!"